லோக்கலில் படங்கள் காணாமல் போனால்: தேடுவதும் சரிசெய்வதும்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தளத்தை முதல்முறையாக உங்கள் கணினியில் ஏற்றுகிறீர்கள். நிரலை, அதன் பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட்டிலிருந்து இறக்கியாயிற்று. டேட்டாபேஸ் நகலை வாங்கி ஏற்றியாயிற்று. பிரவுசரில் திறந்தால் தலைப்பு, கட்டுரை, மெனு எல்லாம் வந்துவிடுகின்றன. படங்கள் இருக்கவேண்டிய இடங்களில் மட்டும் உடைந்த சின்னம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இதில் ஒருமுறை மாட்டிக்கொள்வார்கள்.

காரணம் எளியது. ஒரு தளம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. நிரல் கிட்டில் இருக்கிறது, எழுத்து டேட்டாபேஸில் இருக்கிறது, ஆட்கள் ஏற்றிய படங்கள் சர்வரில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் என்றால் அதன் பெயர் அப்லோட்ஸ், ட்ரூப்பல் என்றால் ஃபைல்ஸ். டேட்டாபேஸில் இருப்பது படத்தின் முகவரிதான், படம் அல்ல. அந்த ஃபோல்டரோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும் என்பதால், கிட்இக்னோர் கோப்பில் எழுதி அதைக் கிட்டுக்கு வெளியே வைப்பது வழக்கம். ஆக, உங்கள் கைக்கு வந்தது மூன்றில் இரண்டு.

“லோக்கல்தானே, லைவில் (மக்கள் பார்க்கும் உண்மையான தளத்தில்) சரியாகத்தான் இருக்கும்” என்று அப்படியே வேலையைத் தொடரத் தோன்றும். தொடராதீர்கள். உடைந்த படம் கண்ணுக்குப் பழகிவிட்டால், நாளைக்கு உங்கள் நிரலில் உள்ள பிழையால் ஒரு படம் உடையும்போது அதுவும் கண்ணில் படாது. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு லோகோவின் பாதையைத் தவறாக எழுதி, அது லைவ் வரைக்கும் போய்விட்டது. பக்கம் முழுக்க உடைந்த படங்கள் இருந்ததால் அந்த ஒன்று எனக்குத் தனியாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் எந்தத் தளத்தை எடுத்தாலும் முதல் நாளே இந்த வேலையை முடித்துவிடுகிறேன். வரவேண்டிய படங்கள் வரவேண்டும், நம் தவறால் உடைந்தது பளிச்சென்று உடைந்தே தெரியவேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் பிரவுசரைக் கேளுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் எஃப்12 விசையை அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறவுங்கள். நெட்வொர்க் பகுதிக்குப் போய், படங்களை மட்டும் காட்டும் வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். கேஷை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகலை, முடக்கும் பெட்டியில் டிக் போட்டுவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பாக வரும் வரிகளில் ஒன்றைச் சொடுக்கினால் இரண்டு விஷயம் தெரியவேண்டும்: பிரவுசர் எந்த முகவரியைக் கேட்டது, சர்வர் என்ன எண்ணைத் திருப்பித் தந்தது.

404 என்றால் அந்த முகவரியில் கோப்பு இல்லை. 403 என்றால் கோப்பு ஒருவேளை இருக்கிறது, ஆனால் தர மறுக்கிறார்கள். லோக்கலில் 403 வந்தால் பெரும்பாலும் கோப்பு அனுமதிதான் காரணம். வெப் சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவரால் அந்த ஃபோல்டருக்குள் நுழைய முடியவில்லை என்று பொருள். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 என்று அனுமதி எண்களை வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எண்ணே வராமல் தோல்வி என்று மட்டும் வந்தால், டொமைன் பெயர் தவறாக இருக்கலாம், போர்ட் எண் மாறியிருக்கலாம், சான்றிதழை பிரவுசர் நம்பாமல் இருக்கலாம். பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்து, படத்தின் முகவரி மட்டும் எச்டிடிபி என்று இருந்தாலும் சிக்கல் வரும். இவற்றில் எது என்பதைக் கன்சோல் ஒரு வரியில் சொல்லிவிடும்.

புதியவர்களை அதிகம் குழப்புவது இவை எதுவும் அல்ல, 200 வந்தும் படம் தெரியாத நிலைதான். அப்படி வந்தால் பதிலின் வகை என்னவென்று பாருங்கள். படம் என்பதற்குப் பதிலாக எச்டிஎம்எல் என்று இருக்கும். சில டெவலப்மென்ட் சர்வர்கள் தெரியாத முகவரி எது வந்தாலும் தளத்தின் முதல் பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆகவே இதையும் 404 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முகவரியைப் பார்க்கும்போது டொமைனையும் கவனியுங்கள். அது உங்கள் லோக்கல் டொமைனா, லைவ் டொமைனா என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும்.

நம் படமா, ஏற்றிய படமா

உடைந்த ஒவ்வொன்றையும் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். லோகோ, ஐகான், பின்னணிப் படம் போன்றவை தீமோடு அல்லது நிரலோடு சேர்ந்தவை. அவை கிட்டில் இருக்கவேண்டும், உங்கள் கணினியிலும் இருக்கவேண்டும். அவை உடைந்திருந்தால் அது உண்மையான பிழை. கட்டுரைக்குள் வரும் படம், பொருளின் படம், பயனரின் முகப்படம் போன்றவை ஏற்றியவை. அவை உங்களிடம் இல்லாதது இயல்பு. இந்தப் பிரிவினை மனதில் தெளிவாக இருந்தால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

நிரலோடு சேர்ந்த படம் உடைந்தால் கீழே சொல்கிறவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு இருக்கிறதா? சாய்கோட்டில் தொடங்கும் பாதை தளத்தின் வேரிலிருந்து தேடும். சாய்கோடு இல்லாத பாதை, இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரியிலிருந்து தேடும். முகப்புப் பக்கத்தில் படம் வந்து, உள்பக்கங்களில் வராமல் போனால் இதுதான் காரணம். எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அப்போது வேர் என்பது தளம் அல்ல, உங்கள் வட்டு. அங்கே போய்த் தேடினால் படம் எப்படிக் கிடைக்கும்? எவ்வளவு சிறிய பக்கமாக இருந்தாலும் ஒரு லோக்கல் சர்வர் வழியாகவே திறந்து பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்குக் கருவி வழக்கம் மாறும். வீட் பயன்படுத்தினால், பப்ளிக் ஃபோல்டரில் வைத்த படத்தின் முகவரியில் பப்ளிக் என்ற பெயரே வரக்கூடாது. சாய்கோட்டை அடுத்து நேராகப் படத்தின் பெயர். லாராவெலில் ஏற்றிய படங்கள் ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் போகின்றன, பிரவுசருக்கோ பப்ளிக் மட்டும்தான் தெரியும். இரண்டையும் இணைக்கும் சிம்பாலிக் லிங்க் கிட்டில் வராது. புதிய கணினியில் ஆர்ட்டிசன் கட்டளையால் ஸ்டோரேஜ் லிங்க்கை ஒருமுறை உருவாக்கவேண்டும்.

அப்புறம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், லினக்ஸ் வேறு வேறாகப் பார்க்கும். கேமராவிலிருந்து வந்த கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் நிரலில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். உங்கள் கணினியில் படம் வரும், லினக்ஸ் சர்வரில் வராது. பெயரை மாற்றினால் சரியாகிவிடும் என்று மாற்றினால், எழுத்து அளவு மட்டும் மாறியதை விண்டோஸிலும் மேக்கிலும் கிட் கவனிக்காமல் விடக்கூடும். ஆகவே ஃபோல்டரில் போய்ப் பெயரை மாற்றாமல், கிட்டின் மூவ் கட்டளையாலேயே மாற்றுங்கள்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்குத் தனியாக ஒரு கண்ணி உண்டு. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால், அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் வட்டு அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்து வைத்தது. அங்கிருந்து வந்த கோப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் தலைகாட்டும். ஃபோல்டரில் கோப்பு இருக்கிறது, முகவரியும் எழுத்துக்கு எழுத்து சரி, ஆனாலும் 404 என்றால் இதைச் சந்தேகியுங்கள். என்னைக் கேட்டால், படத்தின் விளக்கத்தைத் தமிழில் மாற்று உரையாக எழுதுங்கள், கோப்பின் பெயரை மட்டும் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கோப்பு இருக்கிறது, 200 வருகிறது, வகையும் படம்தான், ஆனாலும் உடைந்தே தெரிகிறது என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒரு பெரிய படம் 130 பைட் அளவில் இருந்தால் அது படமே அல்ல, பெரிய கோப்புகளைத் தனியாக வைக்கும் கிட் எல்எஃப்எஸ் விட்டுவைத்த சுட்டி. எழுத்துத் திருத்தியில் திறந்தால் மூன்று வரி எழுத்து தெரியும். எல்எஃப்எஸ்ஸை நிறுவி, அதன் புல் கட்டளையை ஓட்டினால் உண்மையான படம் வந்துவிடும்.

ஏற்றிய படங்கள்: முதலில் முகவரி

இப்போது இரண்டாவது கூட்டம். டேட்டாபேஸ் நகலில் எல்லா முகவரிகளும் லைவ் டொமைனோடுதான் வந்திருக்கும். மாற்றாமல் விட்டால் படங்கள் லைவிலிருந்தே வரும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் இணைப்புகளும் லைவுக்குத்தான் போகும். லோக்கலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு லைவ் தளத்தில் ஒரு பதிவை அழித்துவிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எனவே முகவரிகளை முதலில் லோக்கல் டொமைனுக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது டேட்டாபேஸ் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து, தேடி மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைப் பிஎச்பி சீரியலைஸ் செய்த வடிவில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு எழுத்துச் சரத்துக்கும் முன்னால் அதன் நீளமும் எழுதப்பட்டிருக்கும். டொமைனின் நீளம் மாறி, எழுதிய எண் மாறாமல் போனால் அந்த அமைப்பை வேர்ட்பிரஸால் படிக்க முடியாது. விட்ஜெட்டுகளும் தீம் அமைப்புகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை இந்த நீளத்தையும் சேர்த்தே திருத்தும். முதலில் டிரை-ரன் தெரிவோடு ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பார்த்துவிட்டு, அப்புறம் நிஜமாக ஓட்டுங்கள்.

லோக்கலுக்கு என்ன டொமைன் வைப்பது? டெஸ்ட் என்று முடியும் பெயரை வையுங்கள். 1999-லேயே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்ட முடிவு அது, இணையத்தில் யாருக்கும் விற்கமாட்டார்கள். டெவ் என்று முடியும் பெயரைப் பலர் வைத்திருந்தார்கள். அது கூகுளின் கையில் உள்ள உண்மையான டொமைன் முடிவு. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 அந்த முடிவு கொண்ட எல்லா முகவரிகளையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றத் தொடங்கியதும், பல பேரின் லோக்கல் தளங்கள் ஒரே நாளில் நின்றுபோயின.

நகல் எடுப்பதா, லைவிலிருந்து வாங்குவதா

முகவரி லோக்கலுக்கு மாறியதும் ஏற்றிய படங்கள் எல்லாம் 404 ஆகும். பயப்படவேண்டாம், நாம் எதிர்பார்த்ததுதான்.

ஃபோல்டர் சில நூறு எம்பி அளவில் இருந்தால் முழுவதையும் நகல் எடுத்துவிடுங்கள், விஷயம் முடிந்தது. ஆர்சிங்க் அதற்கு ஏற்ற கருவி. பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டும்போது, முழுதாக வந்த கோப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கொண்டுவரும். திசையை இரண்டுமுறை பாருங்கள்: லைவ் முதலில், உங்கள் ஃபோல்டர் இரண்டாவது. டிலீட் தெரிவைச் சேர்த்துவிட்டுத் திசையையும் மாற்றி எழுதினால், உங்களிடம் இல்லாத படங்கள் எல்லாம் லைவிலிருந்து அழிந்துபோகும். அந்தத் தெரிவு இந்த வேலைக்குத் தேவையே இல்லை. வேர்ட்பிரஸ் ஆண்டு, மாதம் என்று ஃபோல்டர் பிரித்து வைப்பதால், கடைசி இரண்டு மூன்று மாதங்களை மட்டும் எடுத்துவந்தாலும் முகப்புப் பக்கம் பெரும்பாலும் நிறைந்துவிடும்.

ஃபோல்டர் பல ஜிபி இருந்தால் நான் நகல் எடுப்பதில்லை. இல்லாத படத்தைக் கேட்கும்போது மட்டும் லைவிலிருந்து வாங்கித் தரும்படி லோக்கல் சர்வரிடம் சொல்லிவிடுகிறேன். வட்டில் இடம் போகாது, நேற்று ஏற்றிய படமும் இன்று தெரியும், லோக்கலில் நீங்களே ஏற்றிய படம் உங்கள் வட்டிலிருந்தே வரும்.

உங்கள் வெப் சர்வர் அப்பாச்சி என்றால், முகவரிகளை மாற்றும் அதன் மாட் ரீரைட் பகுதி இதற்குப் போதும். ஒரு நிபந்தனை, ஒரு விதி. நிபந்தனை: கேட்கப்பட்ட கோப்பு வட்டில் இல்லை. விதி: முகவரி அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால், அதே பாதையை லைவ் டொமைனோடு சேர்த்து 302 ஆக, அதாவது தற்காலிகமாக, திருப்பிவிடு. எச்டிஆக்சஸ் கோப்பில் எழுதினால் வேர்ட்பிரஸ் எழுதிவைத்த பகுதிக்கு மேலே எழுதுங்கள். இல்லாத கோப்பு எது வந்தாலும் அந்தப் பகுதி இன்டெக்ஸ் பிஎச்பியிடம் ஒப்படைத்துவிடும், கீழே இருக்கும் உங்கள் விதிக்கு முறையே வராது. அந்த எச்டிஆக்சஸ் கிட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விதி லைவுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே உண்மையிலேயே இல்லாத படத்தை லைவ் தன்னிடமே திருப்பி அனுப்பிக்கொண்டு சுற்றும். அதனால் லோக்கலின் வெர்ச்சுவல் ஹோஸ்ட் அமைப்பில் எழுதுவதுதான் நல்லது. அங்கே எழுதும்போது விதியில் பாதை சாய்கோட்டில் தொடங்கவேண்டும், எச்டிஆக்சஸில் சாய்கோடு இல்லாமல் தொடங்கவேண்டும். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தால் விதி வேலை செய்யாமல் போவது அடிக்கடி நடக்கும்.

எதில் எழுதினாலும் 302தான் கொடுங்கள், 301 வேண்டாம். 301 நிரந்தரம் என்று சொல்வதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் அந்தப் படத்தை லோக்கலில் வைத்தாலும், உங்கள் சர்வரைக் கேட்காமல் நேராக லைவுக்கே போகும்.

வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால், அப்லோட்ஸ் பாதைக்கென்று ஒரு லொக்கேஷன் பகுதி எழுதி, அதில் டிரை ஃபைல்ஸ் வரியால் முதலில் வட்டில் தேடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெயரிட்ட இன்னொரு லொக்கேஷனுக்கு அனுப்புங்கள். அந்த இரண்டாவது பகுதியில் ப்ராக்ஸி பாஸ் வரியில் லைவ் டொமைனை மட்டும் எழுதவேண்டும். பெயரிட்ட லொக்கேஷனில் டொமைனுக்குப் பின் பாதையைச் சேர்த்தால் என்ஜின்எக்ஸ் ஏற்காது. லைவ் எச்டிடிபிஎஸ் என்றால், ப்ராக்ஸி எஸ்எஸ்எல் சர்வர் நேம் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பல சர்வர்கள் கைகுலுக்கவே மறுக்கும். எல்லாம் சரியாக எழுதியும் 404 வருகிறதா? படப் பின்னொட்டுகளுக்குக் கேஷ் வைக்கும் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) லொக்கேஷன் ஒன்று உங்கள் அமைப்பில் ஏற்கெனவே இருக்கும். சாதாரண லொக்கேஷனை அது முந்திக்கொள்ளும். உங்கள் பாதைக்கு முன்னால் ^~ குறியைச் சேர்த்தால் முந்தாது.

அப்பாச்சியில் செய்தது போலத் திருப்பிவிடுவதற்கும், என்ஜின்எக்ஸில் செய்தது போல உங்கள் சர்வரே லைவிலிருந்து வாங்கித் தரும் ப்ராக்ஸிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. திருப்பிவிட்டால் படம் வேறு டொமைனிலிருந்து வருவதாக பிரவுசர் பார்க்கும். எந்த டொமைன்களிலிருந்து ஏற்றலாம் என்று வரையறுக்கும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி வைத்த தளத்தில் அது தடுக்கப்படலாம். கான்வாஸில் வரைந்து படத்தைத் திருத்தும் நிரல்களும் வேலை செய்யாது. ப்ராக்ஸியில் இந்தத் தொல்லை இல்லை. லைவ் சர்வர் ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்று சொல்லும் ஹெடர்) பார்த்து வெளி டொமைன்களைத் தடுக்கும் வகை என்றால் 403 வரும். ப்ராக்ஸியில் அந்த ஹெடரைக் காலியாக அனுப்பினால், ரெஃபரர் காலியாக இருப்பதை அனுமதிக்கும் சர்வர்கள் படத்தைத் தந்துவிடும்.

சர்வர் அமைப்பில் கைவைக்க முடியாதவர்களுக்குத் தயார் வழிகள் உண்டு. ட்ரூப்பலில் ஸ்டேஜ் ஃபைல் ப்ராக்ஸி என்ற மாட்யூல் இருக்கிறது. லைவ் முகவரியைக் கொடுத்துவிட்டால், படத்தை யாராவது கேட்கும்போது இறக்கி உங்கள் வட்டிலேயே சேமித்துவிடும். வேர்ட்பிரஸில் பிஇ மீடியா ஃப்ரம் ப்ரொடக்‌ஷன் என்ற பிளகின் பக்கத்தில் வரும் பட முகவரிகளை மட்டும் லைவுக்கு மாற்றித் தரும். இரண்டையும் லோக்கலில் மட்டுமே இயக்குங்கள்.

சில அளவுகளில் மட்டும் படம் வராவிட்டால்

வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றும்போதே பல அளவுகளில் நகல் எடுத்துவைக்கும். எச்டிஎம்எல்லில் சோர்ஸ்செட் என்ற பண்பில் அவை வரிசையாக இருக்கும், திரைக்கு ஏற்றதை பிரவுசர் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த அளவு சர்வரில் இல்லையென்றால், மூலப் படம் பக்கத்திலேயே இருந்தாலும் பிரவுசர் அதற்கு மாறாது, உடைந்த படத்தையே காட்டும். அகலமான திரையில் படம் வந்து, கைப்பேசி அகலத்தில் வராமல் போனால் இதைப் பாருங்கள். மூலப் படங்கள் லோக்கலில் இருந்தால் டபிள்யூபி-சிஎல்ஐயின் மீடியா ரீஜெனரேட் கட்டளை விடுபட்ட அளவுகளை உருவாக்கித் தரும்.

லைவைத் தொடக்கூடாத தளங்கள்

சில தளங்களில் பயனர்கள் ஏற்றுவது வெறும் படங்கள் அல்ல. அடையாள அட்டை, மருத்துவச் சீட்டு, சான்றிதழ் எல்லாம் அதே ஃபோல்டரில் கிடக்கும். அவற்றைத் தன் மடிக்கணினியில் வைத்திருக்க ஒரு டெவலப்பருக்கு உரிமை இல்லை. இறக்கிச் சேமிக்கும் வழிகளும் முழு நகலும் அங்கே வேண்டாம். அதற்குப் பதில் இடநிரப்பிப் படம் காட்டலாம். சாம்பல் நிறத்தில் ஒரு எஸ்விஜி போதும். படத்தின் அகலமும் உயரமும் எச்டிஎம்எல்லில் எழுதியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பக்கம் கோணல்மாணலாகத் தெரியும், வடிவமைப்புப் பிழை எது, படம் இல்லாததால் வந்தது எது என்று பிரிக்க முடியாது.

பிரவுசரில் செய்வதானால் படத்தின் எரர் நிகழ்வைப் பிடித்து முகவரியை மாற்றவேண்டும். அந்த நிகழ்வு மேல்நோக்கிக் குமிழாது, அதாவது படத்திலிருந்து மேலே உள்ள உறுப்புகளுக்கு ஏறிப்போகாது. ஆகவே டாக்குமென்டில் ஒரே இடத்தில் பிடிக்க நினைத்தால் நிகழ்வு மேலிருந்து படத்தை நோக்கி இறங்கும் கேப்சர் கட்டத்தில் பிடியுங்கள். மாற்றுவதற்கு முன், இந்தப் படத்துக்கு ஏற்கெனவே மாற்றியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடநிரப்பியும் ஏதோ காரணத்தால் வராமல் போனால், எரர் மேல் எரர் வந்து முடிவில்லாமல் சுற்றும்.

மாற்றுவதை அப்லோட்ஸ் பாதைக்குள் மட்டும் வையுங்கள். முன்பு சொன்ன சர்வர் விதிகளுக்கும் இதே எல்லைதான். எல்லாப் படங்களுக்கும் விதியைப் போட்டுவிட்டால், நீங்கள் கிட்டில் சேர்க்க மறந்த ஐகான்கூட லைவிலிருக்கும் பழைய பதிப்பிலிருந்து வந்து நிற்கும். பிழை இருப்பதே தெரியாது.

வேலை முடிந்ததா என்று பார்க்க

அப்லோட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஒரு படத்தின் பெயரைத் தற்காலிகமாக மாற்றுங்கள். தீமில் உள்ள ஒரு படத்தின் பெயரையும் அப்படியே மாற்றுங்கள். கேஷை முடக்கிப் பக்கத்தை ஏற்றினால், முதல் படம் லைவிலிருந்தோ இடநிரப்பியாகவோ வரவேண்டும், இரண்டாவது உடைந்து 404 ஆக நெட்வொர்க் பட்டியலில் சிவப்பாக நிற்கவேண்டும். இரண்டும் வந்தால் உங்கள் விதியின் எல்லை தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறது. இரண்டும் உடைந்தால் விதி இயங்கவே இல்லை. சரியாக அமைந்ததும் பெயர்களைப் பழையபடி மாற்றிவிட்டு, செய்ததை ரீட்மீ கோப்பில் நாலு வரியாக எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் சேர்கிறவர் முதல் நாளிலேயே அதைத் தேடுவார்.